உபகாரமா, உரிமையா?

இளைப்பாறிய உத்தியோகத்தருக்கு மாதந்தோறும் கிடைக்கும் பணத்தை நம் மூத்தோர் 'உபகாரச் சம்பளம்' என்றே வழங்கிவந்தனர். அப்பெயரை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை. முப்பது வருஷம் உழைத்தவருக்கு உபகாரம் செய்பவர் யார்? உபகாரம் என்று எண்ணிவிட்டால், இன்று கொடுத்தாலென்ன, மறு வருஷம் கொடுத்தாலென்ன என்ற நினைப்பும் கந்தோரிலே குடிபுகுந்துவிடுகின்றது.

நம் சுற்றத்தாருள் ஓர் ஆசிரியை, இளைப்பாறிய பின் பல மாதம், தபாற்காரரின் மணியோசை கேட்கும்போதெல்லாம் படலையடிக்குச் செல்வார். விண்ணப்பம் மறுக்கப்படவுமில்லை, ஏற்கப்படவுமில்லை. மறுத்தாலாவது மேன்முறையீடு செய்யலாம். மௌனத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது?

அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அதன் 140ஆம் உறுப்புரையினால், மண்டாமுஸ் என்னும் எழுத்தாணையை வழங்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கின்றது. சட்டம் விதித்த கடமையைச் செய்யாதிருக்கும் அதிகாரியைச் 'செய்க' எனப் பணிப்பதே அவ்வாணை. இவருக்கு இவ்வளவு கொடு என்று நீதிமன்றம் பெரும்பாலும் தானே தீர்மானிப்பதில்லை; ஆம் அல்லது இல்லை என முடிவைச் சொல் என்றே கூறும். இது அற்பமன்று. முடிவொன்று கையிலிருந்தாற்றான் அதன் குற்றங்குறையைக் காட்டி வாதாடலாம்.

அயல்நாடான இந்தியாவில், ஓய்வூதியம் அரசு மனம்போல் ஈயும் கொடையன்று, உரிமையே என உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. அந்நாட்டில் கேரள அரச ஊழியர் ஒருவர் 1973 மே மாதம் இளைப்பாறினார். இறுதிச் சம்பளச் சான்றிதழைத் திறைசேரி அதிகாரி தாமதித்தமையாற் பணம் கிடைத்தது 1975 ஆகஸ்டில். அவர் நூற்றுக்கு 12 வீதம் வட்டி கேட்டு வழக்காடினார். 6 வீதமே கிடைத்தது. அதனை உச்ச நீதிமன்றம் 1984 டிசம்பரில் உறுதிசெய்தது. இளைப்பாறிய நாள்முதல் இறுதித் தீர்ப்புவரை பதினொரு வருஷம்! தாமதத்துக்கு நிவாரணம் தேடியவர் மேலும் தாமதத்தையே கண்டார். 12 வீதத்துக்கு உயர்த்த இயலாமைக்கு நீதிபதிகள் கூறிய காரணம், 6 வீதத் தீர்ப்பை அவர் எதிர்க்காமல் விட்டார் என்பதே.

மண்டாமுஸ் கேட்போரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். கோரிக்கை விடுத்தும் அது நிறைவேற்றப்படவில்லை எனக் காட்டுவது வழக்கம். தாமே காலந்தாழ்த்தி வந்தால் நீதிமன்றம் செவிசாய்க்காதும் விடலாம். ஆதலின் கடிதங்களைப் பதிவுத் தபாலிலே அனுப்பிப் பற்றுச்சீட்டுகளைப் பேணுதல் நன்று. நம் ஆசிரியை அவற்றைத் திகதிவாரியாக ஒரு பிஸ்கற் தகரத்தினுள் அடுக்கி வைத்திருக்கின்றார்.