ஒரு பைசா பிசகவில்லை!

பி.காம். படித்தவனுக்கு நம்மூரில் தனி மரியாதை உண்டு. கல்யாண வீட்டில் மொய் நோட்டைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்த பிறகுதான் அவன் ஞாபகமே வரும். நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்று எத்தனை முறை சொன்னாலும், குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நான் கணக்குப்பிள்ளைதான்.

2023 மே மாதம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஆதரவில்லாத முதியவர்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு போடுகிற சின்ன டிரஸ்ட் ஒன்றின் செயலாளர் வீடு தேடி வந்தார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்.

"தம்பி, நன்கொடை லிஸ்ட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடுங்க. மே 31-க்குள்ளே இன்கம்டாக்ஸ்ல ஏத்தணும்."

முன்பெல்லாம் டிரஸ்ட் கொடுத்த ரசீதைக் காட்டினாலே 80ஜி வரிச் சலுகை கிடைத்துவிடும். 2021-22 நிதியாண்டிலிருந்து, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டிரஸ்ட்டே வருமான வரித் துறைக்குப் பட்டியல் தர வேண்டும் என்று ஆகிவிட்டது. பெயர், விலாசம், பான் மாதிரி ஓர் அடையாள எண், தொகை எல்லாம் வேண்டும். ஒன்று தப்பினாலும் கொடுத்த புண்ணியவானுக்குச் சலுகை கிடைப்பதில் இழுபறி.

லிஸ்ட்டைத் திறந்தேன். சுமார் 400 பேர். அதில் 'ராஜலக்ஷ்மி' மட்டும் நாலு. ஆங்கிலத்தில் 'எக்ஸ்' போட்டு எழுதும் லக்ஷ்மி ஒருவர், 'கே' போட்டு எழுதும் லக்ஷ்மி இன்னொருவர். அப்பா இனிஷியலில் ஒருத்தர், கணவர் இனிஷியலில் ஒருத்தர். விசாரித்ததில் நாலு ராஜலக்ஷ்மிகளும் மொத்தம் மூன்றே பேர்!

ராத்திரி 11 மணிக்கு, பெயர்களை அகர வரிசைப்படுத்தலாம் என்று பட்டனைத் தட்டினேன். எக்செல் ஏதோ கேள்வி கேட்டது. பந்தியில் "பாயசம் போடட்டுமா?" என்று கேட்பவரிடம் தலையாட்டுவது மாதிரி, படிக்காமலே ஒன்றை அமுக்கினேன். வரிசை அழகாக வந்தது. தொகையைக் கூட்டி பேங்க் கணக்கோடு ஒப்பிட்டேன். ஒரு பைசா பிசகவில்லை! மறுநாளே எல்லாருக்கும் நன்றிக் கடிதம் அச்சடித்துத் தபாலில் சேர்த்தாயிற்று.

மூன்றாம் நாள் காலை இஸ்திரி வண்டிக்காரர் வாசலில் நின்றார்.

"சார், நான் லட்ச ரூவா நன்கொடை குடுத்ததா லெட்டர் வந்திருக்கு. 'அந்தப் பணம் எங்கேர்ந்து வந்துச்சு, மிச்சம் எங்கே'ன்னு வீட்டுல கேக்கறா. உள்ளயே விடமாட்டேங்கறா!"

அவர் கொடுத்தது 101 ரூபாய். அந்த 101-க்கான நன்றிக் கடிதம், பல மேடைகளில் தன் கொடைத்தன்மையைப் பற்றிப் பேசுகிற ஒரு பிரமுகர் வீட்டுக்குப் போயிருந்தது. பிரித்தது அவருடைய மாப்பிள்ளை.

நடந்தது இதுதான். பெயரும் விலாசமும் இருந்த கட்டம் மட்டும் வரிசை மாறிவிட்டது. தொகை, பான் எண், 'எந்த நாளை முன்னிட்டு' எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. "பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து மாற்றவா?" என்றுதான் எக்செல் கேட்டிருக்கிறது. பாவி நான், "வேண்டாம்" என்றிருக்கிறேன்.

கூட்டுத்தொகை எப்படிச் சரியாக வந்தது? ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் குப்புசாமி கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும் என்று காலேஜில் வாத்தியார் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

பதற்றத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். நல்லவேளையாக ஒரிஜினல் லிஸ்ட் செயலாளரின் பென்டிரைவில் இருந்தது. அதை அப்படியே, பான் எண், போன் நம்பர், தொகை சகிதம், 38 தொண்டர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'எல்லாரும் சரிபார்க்கவும்' என்றேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. அந்த லட்ச ரூபாயைக் கொடுத்தவர் ஒரு ரிட்டயர்டு பள்ளி ஆசிரியர். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கொடுத்தவர். அவருடைய அண்ணன் மகள் அந்தக் குழுவில் இருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, பணத்தைக் கொடுத்தேன், ரசீது கொடுத்தீங்க. கூடவே ஒரு ரகசியத்தையும் கொடுத்தேனே, அதுக்கு என்ன கொடுக்கப் போறீங்க?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல?

செயலாளர் மெதுவாக, "பிரஸ்காரன் தப்புன்னு சொல்லிடலாமா?" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அப்போதுதான் அமெரிக்காவின் பிளாக்பாட் கம்பெனி கதை நினைவுக்கு வந்தது. தர்ம ஸ்தாபனங்களின் நன்கொடையாளர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பதுதான் அதன் தொழில். 2020-ல் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். 13,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தகவல் மாட்டிக்கொண்டது. பேங்க் கணக்கு விவரம் எதுவும் போகவில்லை என்று முதலில் சொன்னது கம்பெனி. போயிருக்கிறது என்று உள்ளேயே சில நாளில் தெரிந்தும் உடனே வெளியே சொல்லவில்லை. அங்குள்ள பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2023 மார்ச்சில் போட்ட அபராதம் 30 லட்சம் டாலர். திருட்டுக் கொடுத்ததற்காக அல்ல, தப்பாகச் சொன்னதற்காக.

"தப்பு என்னுதுன்னே போட்டுடலாம் சார்" என்றேன். மன்னிப்புக் கடிதத்தை 400 பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு வீடுகளுக்கு மட்டும் கடிதம் போதாது என்று நேரில் போனேன். ஒன்று, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்ட இளம் தம்பதி. அவர்களுக்கு 'தங்கள் மகனின் நினைவு நாளை முன்னிட்டு' என்று கடிதம் போயிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி என்னை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் எடிட்டர் வெட்டிவிடுவார். அத்தனைக்கும் நான் தகுதியானவன்தான்.

இன்னொன்று பல்லாவரத்தில். மகனைப் பறிகொடுத்து, ஒவ்வொரு வருஷமும் அவன் திதியன்று 1,000 ரூபாய் கட்டுகிற அம்மா. அவருக்குப் போனது, 'தங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்.'

கதவைத் திறந்தவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே, "மாறி வந்திருக்குன்னு பார்த்ததும் தெரிஞ்சுதுப்பா. ஒரே பயம்தான். என் பையனுக்கு வர வேண்டியது அந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிருக்குமோன்னு. போச்சா?"

தலையைக் குனிந்தேன்.

"குழந்தை நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கும்மா."

"அது போதும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு யார் பேர்ல போட்டா என்ன, சாப்பிடறவங்களுக்கு வயிறு நிறையும். ஆனா அவன் பேரை இப்பல்லாம் யாரும் எழுதறதில்லை. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, பேங்க்ல எடுத்தாச்சு. வருஷத்துல ஒரு தடவை உங்க கடுதாசியிலதான் வரும். அதுக்காகத்தான் இன்னும் கட்டிண்டு வரேன்."

நான் 400 வரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அன்று சாயங்காலமே டிரஸ்ட்டில் உட்கார்ந்து சில ஏற்பாடுகள் செய்தோம். ஆளுக்கு ஒரு நம்பர். பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது. ஒரிஜினல் லிஸ்ட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, நகலில்தான் வேலை. பான் எண்கள் பாஸ்வேர்டு போட்ட தனி ஃபைலில், இரண்டே பேரிடம். பெயர் வேண்டாம் என்றவர்களுக்குத் தனிக் குறி. கடிதம் தபாலுக்குப் போகும் முன், லிஸ்ட் போடாத வேறொருவர் பத்துக் கடிதங்களை உருவி ரசீதுக் கட்டையோடு ஒப்பிட வேண்டும். வருஷம் ஒரு முறை போன் போட்டு விலாசம் மாறியதா என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்தோம். ஆனால் 38 போன்களில் எத்தனையில் இறங்கியதோ, அதை அழிக்க ரப்பர் கிடையாது.

திருத்திய பட்டியலை மே 31-க்கு முன்பே ஏற்றிவிட்டோம். இஸ்திரிக்காரரையும் வீட்டுக்குள் விட்டுவிட்டார்கள். ஆசிரியர் மறு வருஷமும் பணம் கட்டினார். அந்த நம்பர் யாருடையது என்று என்னிடம் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

பல்லாவரத்துக் கடிதத்தை மட்டும் நான் அச்சடிப்பதில்லை. கையாலேயே எழுதுகிறேன். முழுப் பெயரும், இனிஷியலோடு.

போன வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எக்செல் மறுபடியும் ஒரு கேள்வி கேட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்தே பதில் வந்தது:

"முதல்ல அது என்ன கேக்குதுன்னு படிங்க. நான் கேக்கறதுக்குத் தலையாட்டற மாதிரி ஆட்டிடாதீங்க!"