மாலை நேரத்துக் கேள்வி

மலையேறித் திரும்பியவர்களிடம் உச்சியைப் பற்றிக் கேட்பதே உலக வழக்கு. எத்தனை மீட்டர், எத்தனை நாள், கொடி பிடித்தீர்களா, படம் எடுத்தீர்களா என்று எங்களிடமும் கேட்டார்கள். நாங்களும் ஆர்வத்தோடு விடை சொன்னோம். ஆயினும், ஆண்டுகள் சில கழிந்தபின் அப்பயணத்தை நினைக்குந்தோறும் முதலில் நெஞ்சில் எழுவது, நாள்தோறும் மாலையில் எங்கள் வழிகாட்டி கேட்ட ஓர் எளிய கேள்விதான். "தலைவலி உண்டா?" என்பதே அது. அக்கேள்விக்கு உண்மையான விடை அளிக்க நாங்கள் தவறிய கதையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நடுத்தர வயதை எட்டிய நண்பர்கள் நால்வர் நேபாள நாட்டின் கும்பு பகுதிக்குச் சென்றோம். எவரெஸ்ட் சிகரம் அமைந்த பகுதி அது. எவரெஸ்டில் ஏறும் வலிமையோ வசதியோ எங்களுக்கு இல்லை. அதன் அண்டையில் நிற்கும் இரு சிகரங்களை வழிகாட்டியின் துணையுடன் ஏறிவிடலாம் என்று நம்பினோம். ஒன்று 6,119 மீட்டர் உயரமுள்ள லோபுச்சே கிழக்கு. மற்றொன்று 6,189 மீட்டர் உயரமுள்ள ஐலண்ட் பீக். பனிக்கடலின் நடுவே தீவுபோல் தோன்றியதால், அதற்கு அப்பெயரிட்டனர். இம்ஜா சே என்பது 1983-இல் அதற்கு அளிக்கப்பட்ட பெயர். 1953-இல் எவரெஸ்டை வெல்ல வந்த பிரிட்டிஷ் குழுவினர் இம்மலையின் தென்மேற்கு முகட்டில் பயிற்சிக்காக ஏறினர் என்ற செய்தி எங்களுக்குப் பெருமை தந்தது. நாங்கள் எதையும் ஏறுமுன்னரே வந்த பெருமை அது!

ஓராண்டு காலம் உடலைப் பழக்கினோம். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு மாடிப்படிகளில் ஏறி இறங்கினோம். எம்மில் ஒருவர் சீட்டுப் பணத்தை எடுத்தார். ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போட்டார். செலவிட்ட பணமும், ஊராரிடம் சொல்லிவிட்டு வந்த வார்த்தையும் எங்களோடு மலையேறின என்பது பிறகுதான் விளங்கியது.

எங்கள் வழிகாட்டி ஒரு ஷெர்பா. பிறந்த கிழமையையே பெயராக இடுவது அம்மக்களிடையே பரவலான வழக்கம். அவர் வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிற்று. அவருக்குத் துணையாக இளைஞர் ஒருவரும் வந்தார். நேபாளி மொழியில் அண்ணனை 'தாய்' என்று அழைப்பார்கள். உச்சரிப்பு சற்றே வேறு. தமிழில் எழுதினாலோ நம் தாயும் அவர்கள் அண்ணனும் ஒன்றாகிவிடுகிறார்கள். அவ்வாறே அவரை அழைத்தோம்.

காத்மாண்டுவிலிருந்து சிறு விமானத்தில் லுக்லா சேர்ந்தோம். 527 மீட்டர் நீளமே உள்ள, சரிவான ஓடுபாதை அது. அங்கிருந்து இரண்டு நாள் நடந்து 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரை அடைந்தோம். அதன்பின் அவர் எங்களை விரைந்து நடக்கவிடவில்லை. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஒரே இடத்தில் தங்கி இளைப்பாற வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் விதி. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். அதற்கு உடல் மெல்ல மெல்லப் பழக வேண்டும். பழகாவிடில் மூளை வீங்கும், அல்லது நுரையீரலில் நீர் கோக்கும். இரண்டும் உயிரைப் பறிப்பவை.

ஒவ்வொரு மாலையும் தேநீர் விடுதியின் அடுப்பருகே எங்களை அமர்த்தி, சிறு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். "தலைவலி உண்டா? குமட்டல் உண்டா? சோர்வு எப்படி? தலை சுற்றுகிறதா?" ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். லேக் லூயிஸ் அளவுகோல் என்று மருத்துவ உலகம் இதனை அழைக்கிறது. விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் காட்டும் சிறு கருவியும் அவரிடம் இருந்தது. ஆயினும் அவர் பெரிதும் நம்பியது எங்கள் வாய்ச்சொல்லையே. ஒருவனுக்குத் தலை வலிக்கிறதா என்பதை அவனன்றி வேறு யார் அறிவார்? இத்தேர்வில் விடை எழுதுபவனே மதிப்பெண்ணும் இடுகிறான்!

துக்லா மேட்டில், மலையில் மாண்டவர்களுக்காகக் கல்லடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. எவரெஸ்ட் உச்சியில் 1999-இல் ஆக்சிஜன் உருளை இன்றி 21 மணி நேரம் தங்கிச் சாதனை படைத்த பாபு சிரி ஷெர்பாவின் சின்னமும் அங்கே இருக்கிறது. அவர் 2001-இல் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். 2014 ஏப்ரல் 18-ஆம் நாள், கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, பிறருக்காகச் சுமை சுமந்து சென்ற நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டதை எங்கள் வழிகாட்டி அங்கு நின்று நினைவுகூர்ந்தார். நாங்கள் தொப்பியைக் கழற்றி நின்றோம். பின்பு படம் எடுத்துக்கொண்டோம்.

லோபுச்சே கிழக்கில் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டோம். தலைவிளக்கின் வட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. முதலில் வழுக்குப் பாறைகள், பிறகு பனிச்சரிவு. பூட்சில் இரும்பு முட்களைப் பூட்டி, கட்டிய கயிற்றைப் பற்றி, நான்கு அடிக்கொரு முறை நின்று மூச்சு வாங்கி ஏறினோம். கதிரவன் எழுந்தபோது எவரெஸ்டும் லோட்சேயும் நுப்சேயும் கண்முன் நின்றன. கண்கள் கலங்கின. அப்போது அவர் தெளிவாகவே சொன்னார்: "தம்பிகளே, இது முன்முகடு. உண்மையான உச்சி அதோ, அந்தப் பள்ளத்துக்கு அப்பால். பெரும்பாலோர் இதோடு திரும்புவார்கள். நாமும் திரும்புவோம்." நாங்கள் தலையசைத்தோம். கீழே வந்து தொலைபேசி கிடைத்தவுடன் வீட்டுக்கு அனுப்பிய செய்தியோ, "உச்சி தொட்டோம்" என்பதே. சிறு பொய்தான். யாருக்கும் அதனால் தீங்கில்லை என்று எண்ணினோம். நாவு அங்கேதான் பழகியது போலும்.

திங்போச்சேக்கு இறங்கி ஒரு நாள் ஓய்வெடுத்தோம். அங்கே எம்மில் ஒருவருக்கு இருமலும் இலேசான காய்ச்சலும் கண்டன. அவர் யார் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. மறைத்தவர் அவர் ஒருவர் அல்லர். நாங்கள் நால்வரும் சேர்ந்தே மறைத்தோம். அப்பகுதியின் வறண்ட குளிர்காற்றால் இருமாதவர் அங்கே அரிது. கும்பு இருமல் என்றே அதற்குப் பெயருண்டு. "அந்த இருமல்தான்" என்று ஒருவர் சொன்னார். மற்ற மூவரும் அதை உடனே நம்பினோம். நம்ப விரும்பினோம் என்பதே பொருந்தும்.

சுக்குங் வழியாக, ஏறத்தாழ 5,100 மீட்டர் உயரத்திலுள்ள ஐலண்ட் பீக் அடிவார முகாமை அடைந்தோம். அருகே இம்ஜா பனியேரி இருக்கிறது. பனியாறு உருகிப் பல பத்தாண்டுகளாகப் பெருகிவந்த அந்நீர் உடைத்துக்கொண்டால் கீழுள்ள ஊர்கள் அழியும் என்று அஞ்சி, 2016-இல் நேபாள இராணுவத்தினர் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் குறைத்தனர். அச்செய்தியை அவர் சொல்ல, நாங்கள் வியந்து கேட்டோம். எங்கள் கூடாரத்திலேயே ஒருவர் நெஞ்சில் நீர் பெருகிக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. முந்திய இரவு அவரால் படுத்துறங்க இயலவில்லை. மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தே விடியும்வரை மூச்சுக்குத் தவித்தார். அந்த ஓசையை மூவரும் கேட்டோம்.

மாலையில் நோட்டுப் புத்தகம் திறந்தது.

"தலைவலி உண்டா?"

"இல்லை, தாய்."

"இருமல்?"

"வழக்கமான இருமல்தான்."

"இரவு தூங்கினீர்களா?"

"நன்றாகத் தூங்கினேன்."

அவர் எங்களையும் பார்த்தார். நாங்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தோம். விரல் கருவியை மாட்டுமுன் நண்பர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினார். நெஞ்சு நிறைய வேகமாக மூச்சை இழுத்தார். எண் சற்று உயர்ந்தது. அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்களே.

அதிகாலை ஒரு மணிக்குப் புறப்பட்டோம். செங்குத்தான கற்சரிவில் மூன்று மணி நேர ஏற்றம். நண்பர் இருபது அடிக்கொரு முறை நின்றார். பிறகு பத்தடிக்கொரு முறை. பனியாற்றின் விளிம்பில், இரும்பு முட்களைப் பூட்டும் இடத்தில் வழிகாட்டி அவர் முகத்தில் விளக்கை நிறுத்தினார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மேலங்கியைத் திறந்து முதுகில் காதை வைத்துக் கேட்டார். "உலை கொதிக்கிறது" என்றார். பின்னர், "இறங்குகிறோம்" என்றார்.

"எல்லாருமா?" என்று கேட்டோம். இதை எழுதும்போதும் நாணுகிறோம். நண்பர் மூச்சுக்குத் தவித்து நிற்கையில், மற்ற மூவரும் துணைவரோடு மேலே போகலாமா என்றே கேட்டோம். "இவரை இறக்க எனக்கு அந்தத் தம்பியும் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் உங்களைப் பனியாற்றில் விட மாட்டேன்" என்றார் அவர். பிறகு தணிந்த குரலில், "இது எப்போதிலிருந்து?" என்று வினவினார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. "மூன்று நாளாக" என்று முடிவில் சொன்னோம்.

அவர் கோபிக்கவில்லை. "நேற்று மாலை சொல்லியிருந்தால், தம்பியோடு இவரை நேற்றே கீழே அனுப்பியிருப்பேன். நான் உங்கள் மூவரோடு ஏறியிருப்பேன்" என்று மட்டும் சொல்லி, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

உச்சியை இழக்கக் கூடாதென்று மறைத்தோம். மறைத்ததாலேயே உச்சியை இழந்தோம். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அக்கற்சரிவில் விடியும்வரை இருவரும் மாறி மாறி நண்பரை முதுகில் சுமந்து இறங்கினார்கள். கால் ஒருமுறை தவறியிருந்தால், எங்கள் பொய்யின் விலையை எங்களோடு தொடர்பில்லாத இரண்டு வீட்டார் கொடுத்திருப்பார்கள். துக்லாவில் தொப்பியைக் கழற்றி நின்றவர்கள்தாமே நாங்கள்!

முகாமில் வைத்திருந்த ஆக்சிஜனும் மாத்திரையும் நண்பருக்கு உதவின. மேகம் சூழ்ந்ததால் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. சுக்குங்கில் ஒரு குதிரை கிடைத்தது. மாலைக்குள் பெரிச்சே சேர்ந்தோம். 4,371 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், 1973 முதல் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்கி வருகிறது. நெஞ்சுச் சளியோடு உயரமும் சேர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றும், இந்நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதே என்றும் மருத்துவர் சொன்னார். இறங்க இறங்க நண்பர் தேறினார். நாம்சேயில் உருளைக்கிழங்கு ரொட்டி கேட்டு வாங்கி உண்டார். அதைக் கண்டபோதுதான் எங்களுக்கும் உயிர் வந்தது.

லுக்லாவில் கடைசி மாலை. மறுநாள் விமானம். இனி எந்த உயரமும் ஏறுவதற்கில்லை. இருந்தும் அவர் அடுப்பருகே அமர்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "தலைவலி உண்டா?" என்று கேட்டார். முதலில் சிரித்தோம். பிறகு ஒருவர், ஐந்து நாளாக முழங்கால் வலிப்பதைச் சொன்னார். ஒருவர், நாம்சேக்கு முன்பிருந்தே வயிற்றுப்போக்கு இருந்ததைச் சொன்னார். ஒருவர், இரவுகளில் அச்சத்தால் உறக்கம் வரவில்லை என்றார். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஏன் எழுதினார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அண்ணன் என்றழைத்தாலும், அன்று அவர் எங்களுக்குத் தமிழ்ப் பொருளிலேயே தாயாக இருந்தார்.

ஊர் திரும்பியபின் அக்கேள்வி எங்களைத் தொடர்கிறது. நம் இல்லங்களிலும் மாலைதோறும் யாரேனும் ஒருவர் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கத்தான் செய்கிறார். "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்கிறார் மனைவி. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்கிறான் மகன். "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்று நாம் விடை சொல்லிவிடுகிறோம். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். ஆனால் மறைத்த பாரத்தை ஒருநாள் யாரோ ஒருவர் செங்குத்தான சரிவில் முதுகில் சுமக்க நேர்கிறது. முன்னரே சொல்லியிருந்தால் எல்லாரும் சமதரையில் பகிர்ந்து சுமந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் எவரேனும் எங்களிடம், "இரண்டு சிகரங்கள் ஏறினீர்களாமே?" என்று கேட்டால், "ஒன்றில் முன்முகடு வரை ஏறினோம், மற்றொன்றில் பனியாற்றின் விளிம்பில் திரும்பினோம்" என்று சொல்கிறோம். கேட்டவர் முகம் சற்றே வாடுகிறது. நண்பர் அருகில் அமர்ந்து புன்னகை செய்கிறார். அவர் நலமாக இருக்கிறார். மாலையில் தலை வலித்தால், வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்.