கடைசிக்கு முந்திய பெயர்

விளையாட்டுச் செய்திகளைச் செப்பனிட்ட காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிளோட்டமோ மரதனோ, முதல் மூன்று பெயர்களோடு செய்தியை வெட்டிவிடுவோம். பக்கத்தில் இடமில்லை என்பது காரணம். அப்படி எத்தனையோ பெயர்களை வெட்டியவன் நான்.

அதனால்தான் ஜெரைன்ட் தோமஸின் ஆரம்ப காலம் என்னை உறுத்துகிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், நீச்சலுக்குப் போன இடத்தில் சைக்கிளோட்டத்தின் பக்கம் திரும்பிய பையன் அவர். 2004 இல் கருங்கல் பதித்த வீதிகளில் நடைபெறும் பரிஸ்-ரூபே போட்டியின் கனிஷ்ட பிரிவில் வென்றார். 2005 இல் சிட்னியில் பயிற்சியின்போது, முன்னே சென்றவரின் சக்கரம் கிளப்பிய இரும்புத் துண்டொன்று இவருடைய சக்கரத்தில் சிக்கியது. விழுந்ததில் மண்ணீரல் சிதைந்து, அதனை அகற்ற வேண்டியதாயிற்று. பதினெட்டு வயதில் இப்படி ஒரு சத்திர சிகிச்சை நேர்ந்தால் எந்தப் பெற்றோரும் சைக்கிளை விற்றுவிடுவார்கள்!

ஆனால் 2007 யூலையில், லண்டனில் தொடங்கிய 'டூர் த பிரான்ஸ்' போட்டியில் அவரும் புறப்பட்டார். வயது 21. களத்தில் அவரே மிக இளையவர். புறப்பட்டோர் 189 பேர். மூன்று வாரங்கள், 3,500 கிலோமீற்றருக்கு மேல், அல்ப்ஸ் மலையும் பிரனீஸ் மலையும் கடந்து பரிஸை அடைந்தோர் 141 பேர். தோமஸுக்கு 140 ஆவது இடம். எந்தச் செய்தியாசிரியர் அந்தப் பெயரை விட்டுவைப்பார்?

இவரைப் போன்ற ஓடுபாதை வீரர்களுக்கு வீதியோட்டம் உடலில் தாங்குதிறனைச் சேமிக்கும் இடமும்கூட. நால்வர் சேர்ந்து ஓடும் 4 கிலோமீற்றர் துரத்தற் போட்டி நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்க, மற்ற மூவரும் அங்குலக் கணக்கில் ஒட்டியே செல்வர். 2008 ஓகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக்கில் தோமஸ் இடம்பெற்ற பிரித்தானிய அணி 3 நிமிடம் 53.314 செக்கனில் உலக சாதனையோடு தங்கம் வென்றது. அது செய்தியானது.

2018 இல், 32 வயதில், அதே டூர் த பிரான்ஸை வென்றார். அன்று நான் 2007 ஆம் ஆண்டின் முடிவுப் பட்டியலை எடுத்துக் கீழிருந்து மேலாக வாசித்தேன். அவருக்கும் கீழே ஒரே ஒரு பெயர்: பெல்ஜியத்தின் விம் வன்செவனன்ட். 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகளும் அவரே கடைசி. மூன்று முறையும் பரிஸ் வந்து சேர்ந்தார்.