வார் ஈகிள் ஓடைப் பாலம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் பக்கம் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களில் வார் ஈகிள் பாலத்தைப் பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வால்மார்ட்டின் தலைமையகம் பென்டன்வில்லில் இருக்கிறது. மென்பொருள் வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்கு முதல் பதில் இந்த இடம்தான். ராஜர்ஸ் ஊரைத் தாண்டிக் கிழக்கே போய், ஓசார்க் மலைக்காட்டுக்குள் தெற்கே திரும்பினால் சாலை வளைந்து வளைந்து இறங்கும். அடிவாரத்தில் சிவப்பு வண்ண மாவு மில், பக்கத்தில் ஓடை, அதன் குறுக்கே இரும்புப் பாலம்.

ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். தரை முழுக்க மரப்பலகை. கார் ஏறியதும் பலகைகள் தடதடவென்று சத்தம் போடும். பின்சீட்டில் இருக்கும் குழந்தைகள் அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை போகச் சொல்வார்கள். எதிர்க்கரையில் யாராவது காத்திருந்தால் முதலில் வந்தவருக்கு வழி. காத்திருந்தவருக்குக் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதை யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகிக்கொண்டோம். அலுவலகம், வீடு, கடை என்று காருக்குள்ளேயே முடிந்துபோகும் அந்த வாழ்க்கையில், முன்பின் தெரியாத ஒருவரை நின்று பார்த்துக் கையசைத்த இடம் எனக்கு அநேகமாக இது ஒன்றுதான்.

பாலம் 1907இல் கட்டியது. நடுக்கண் சுமார் 180 அடி நீளம். இரண்டு பக்கமும் நிற்கும் இரும்புச் சட்டகங்களுக்கு நடுவே, தலைக்கு மேல் குறுக்குச் சட்டங்கள் ஓட, வண்டி புகுந்து போகும். கீழ்ச்சட்டம் நேராக இருக்கும். மேல்சட்டம் துண்டு துண்டாகச் சாய்ந்து நடுவில் உயர்ந்திருக்கும். பார்க்கர் வகை என்பார்கள். பாரம் ஏறும்போது பாலத்தை வளைக்கப் பார்க்கும் விசை நடுவில்தான் அதிகம். அதனால் அங்கே சட்டகத்துக்கு உயரம் கூடுதலாகக் கொடுத்து, ஓரங்களில் இரும்பை மிச்சம் பிடித்தார்கள். செலவழிக்கப் பெரிய பணம் இல்லாத கிராமப்புறக் கவுன்டிகளுக்கு இது தோதான முறை.

சட்டங்களின் இந்த நுணுக்கங்களை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா சொன்னது. அவர் தெற்கு ரயில்வேயில் பாலப் பராமரிப்பு கேங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், நடக்க ஆளில்லாத தெருக்களையும் பூட்டிய கதவுகளையும் பார்த்துப் பார்த்து அவருக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது. வார் ஈகிளுக்குக் கூட்டிப்போன அன்று, காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"ஓப்பன் வெப் கர்டருடா இது!"

சட்டகப் பாலத்தை ரயில்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். நேராகப் போய், ஒரு மூலைச்சட்டத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். ரயில்வேயில் சின்னச் சுத்தியலால் ரிவெட்டைத் தட்டி, சத்தத்தை வைத்தே தளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்களாம். அந்தக் கை அது. பிறகு குனிந்து, சட்டங்கள் வந்து கூடும் இடத்தைக் காட்டினார்.

"இங்க பாரு தம்பி, ஜாயின்ட்ல ரிவெட்டே கிடையாது. பின்னு."

பட்டையான இரும்புக் கம்பிகளின் முனையில் கண்போல ஓட்டை. நாலைந்து கம்பிகளின் ஓட்டைகளை ஒன்றாக வைத்து, உருண்டையான ஒரு பெரிய பின்னைச் செருகி, வெளிப்பக்கம் நட்டைப் போட்டு முறுக்கியிருந்தார்கள். அந்த நட்டு உள்ளங்கை அகலம் இருக்கும். பல முறை பெயின்ட் அடித்ததில் அதன் முனைகள் மழுங்கிப்போயிருந்தன. ஒல்லியாக இருப்பதெல்லாம் இழுவிசை தாங்கும் சட்டம், பெட்டிபோலப் பருமனாக இருப்பதெல்லாம் அமுக்கம் தாங்கும் சட்டம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். "இழுபடுறது மெலிசா இருக்கலாம். அமுங்குறது மெலிசா இருந்தா நொடிஞ்சுடும்." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எந்த இரும்புப் பாலத்தைப் பார்த்தாலும், எந்தச் சட்டம் என்ன வேலை செய்கிறது என்று என்னால் ஓரளவு சொல்ல முடிகிறது.

பாலம் கட்டிய வருஷத்தைச் சொன்னேன். "அப்போ பாம்பனுக்கு மூத்தது" என்றார். பழைய பாம்பன் பாலம் திறந்தது 1914இல்.

பாலத்துக்குப் பக்கத்து மில்லின் கதை பாலத்தைவிடப் பழையது. 1832இல் சில்வானஸ் பிளாக்பர்ன் என்பவர் இங்கே குடியேறி முதல் மில்லைக் கட்டினார். 1848இல் வெள்ளம் கொண்டுபோயிற்று. மறுபடி கட்டியதை உள்நாட்டுப் போரின்போது, 1862இல், வடக்குப் படையின் கைக்குப் போய்விடக் கூடாதென்று தெற்குப் படையே எரித்தது. பிளாக்பர்னின் மகன் 1873இல் மூன்றாவதைக் கட்டினார். அதுவும் 1924இல் தீயில் போனது. இப்போது இருப்பது 1973இல் பழைய அடித்தளத்தின் மேல் எழுப்பிய நான்காவது. 18 அடிச் சக்கரத்தை ஓடைத் தண்ணீர் அடியில் தள்ளிச் சுழற்றுகிறது. மேலே கல் இயந்திரத்தில் மக்காச்சோளமும் கோதுமையும் அரைபடுகின்றன.

கணக்குப் போட்டால், மூன்றாவது மில் எரிந்ததிலிருந்து நான்காவது எழும்வரை ஏறக்குறைய ஐம்பது வருஷம் பாலத்துக்குப் பக்கத்தில் மில்லே இல்லை. பண்ணைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்போதும் இதன் மேல்தான் போய்வந்திருக்க வேண்டும். 1954இல் இங்கே ஆரம்பித்த கைவினைச் சந்தை, நாங்கள் இருந்த காலத்தில் அக்டோபரில் நடக்கும். அந்த நாட்களில் பாலத்தின் மேல் கால் வைக்க இடமிருக்காது. சந்தையைவிடச் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் எனக்குப் பிடிக்கும். ஓடை சலசலக்கும், எப்போதாவது ஒரு பிக்கப் வண்டி மெதுவாக ஏறி இறங்கும்.

மில்லில் அரைத்த மஞ்சள் மக்காச்சோளக் குருணையை கிரிட்ஸ் என்று பையில் போட்டு விற்பார்கள். அம்மா அதில் இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து உப்புமா கிளறினார். ரவையைவிடத் தண்ணீர் கூடுதலாக இழுக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிரிட்ஸ் தீர்ந்தால் வார் ஈகிளுக்குப் போவது வழக்கமாயிற்று. அப்பா ஒவ்வொரு முறையும் பாலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

பழைய பாலங்களை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதுதான் எங்கும் நடக்கிறது. அல்லது வேலி போட்டு, அறிவிப்புப் பலகை வைத்து, ஆள் போகாத காட்சிப்பொருளாக்கி விடுகிறார்கள். வார் ஈகிள் பாலத்துக்கு இரண்டும் நேரவில்லை. 1985இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள், ஆனாலும் வண்டிகளை நிறுத்தவில்லை. எடைக்கு வரம்பு வைத்தார்கள், பலகை தேய்ந்தால் மாற்றினார்கள், இரும்பைப் பழுது பார்த்தார்கள். அப்பாவுக்கு இது நியாயமாகப் பட்டது. "வண்டி ஓடுற வரைக்கும்தான் ஆளு வந்து பார்ப்பான். ஓட்டம் நின்னா துருதான் பார்க்கும்" என்றார். வேலை பார்த்துக்கொண்டிருக்கும் வயதான பாலத்துக்கு இதைவிட நல்ல பராமரிப்பு இல்லை என்றே நானும் நினைக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. நாங்களும் ஊர் திரும்பிவிட்டோம்.

அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சாதாரண நாளில் வார் ஈகிளுக்குப் போய்வாருங்கள். எதிரில் கார் நின்றால் அதற்கு வழி விடுங்கள். பெரிய வண்டியில் போனால் எடை வரம்புப் பலகையைப் படித்துவிட்டு, இந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்தே கடந்துபோங்கள்.