இன்ஜின் எண், சேஸ் எண், பெயர்

2012 மே மாதம் பெட்ரோல் விலை ஒரே இரவில் ஏழரை ரூபாய் ஏறியது. லிட்டர் 77 ரூபாய். டீசல் 44 பக்கம். அன்று காலை எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து, என் வண்டிக்கு டீசல் இன்ஜின் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

என் வண்டி என்று இப்போது எழுதுகிறேன். அன்று அது அவருடைய வண்டி. அவர் இறந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

ஜீப் மூஞ்சி வைத்த பழைய மஹிந்திரா பெட்ரோல் பிக்கப் அது. திண்டிவனத்தைச் சுற்றி ஊர் ஊராக மல்லாட்டை வாங்கி, இங்கே கமிட்டியில் விலை படியாத நாளில் விழுப்புரம் கமிட்டிக்கு ஏற்றிப்போவதுதான் எங்கள் பிழைப்பு. (நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது; டி.எம்.வி. ரகம் என்று விதைக்கடையில் கேட்பீர்களே, அந்த மூன்று எழுத்து திண்டிவனம்தான்.) எடை பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் நான். வண்டி மட்டும் அவர் பொறுப்பு.

டீசல் யோசனை ஒன்றும் புதிதில்லை. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவது ஒரு காலத்தில் ஊர் ஊராக நடந்த தொழில். பெஜோ உரிமத்தில் மஹிந்திராவே செய்த 2112 சிசி இன்ஜின் ஒன்று விழுப்புரம் மெக்கானிக்கிடம் கழற்றி வைத்திருந்தது. எல்லாம் சேர்த்து 85,000 என்றார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். போக வர 80 கிலோமீட்டர். பெட்ரோலில் லோடோடு லிட்டருக்கு 7 கிடைக்கும். நடைக்கு 880 ரூபாய். டீசலில் 12 கிடைத்தால் 300க்குள் முடியும். வாரம் இரண்டு நடை என்றால் ஒன்றரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

நானே பட்டறைக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். மெக்கானிக் பதில் சொன்னதெல்லாம் கூட வந்த டிரைவர் பையனுக்கு. அவனுக்கு இருபது வயது. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். டீசல் இன்ஜின் கனம், முன் பட்டை சேர்க்க வேண்டும். கியர்பாக்ஸோடு பொருத்த அடாப்டர் பிளேட் வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். இழுவை கூடும், வேகம் குறையும். “ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் மாறுமே, அதுக்கு?” என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். “அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க?”

எஃப்.சி.க்குப் போனால் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் பார்ப்பார்.

கொழுந்தனார் ஒரு வழி சொன்னார். “அண்ணி, பணம் நான் போடறேன். வண்டிய என் பேருக்கு மாத்திட்டு இன்ஜினையும் மாத்திக்கலாம். நீங்க எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்?” கெட்ட மனிதர் இல்லை. காரியம் நடந்த பதினாறு நாளும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். என் அண்ணனும் சரி என்றுதான் தலையாட்டினார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டைப்பிங் கடை வைத்திருக்கும் அக்காதான் எனக்கு விளங்க வைத்தார். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இன்ஜினை மாற்ற முன்அனுமதி வேண்டும், அதை ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் கேட்க முடியும். “மொதல்ல பேர மாத்தும்மா. அப்புறம் இன்ஜின மாத்து, மாத்தாம போ.” எனக்கு ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். அது கைக்கு வந்தபோது அதில் மூன்று பெயர்கள்: மனைவி, மகள், தாயார். மூன்றும் பெண்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசிய நான்கு பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே அப்படி எழுதி வைத்திருக்கிறது. பி.காம். படித்த எனக்கு 2012 வரை தெரியாது.

அப்படியானால் அத்தை ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். பெற்ற மகனுக்கு எதிராக மருமகளுக்குக் கையெழுத்து. மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் விடியற்காலை, மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர், “மை டப்பா எங்க?” என்றார். ரேகை வைத்தார். “அவன் கேட்டா நான் படிக்கத் தெரியாம வெச்சேன்னு சொல்லிடு.” இன்றுவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

அக்டோபரில் ஆர்.சி. வந்தது. இன்ஜின் மாற்றவில்லை. அலைந்த செலவுக்கும் மகள் பள்ளிக்கும் போக 85,000 கையில் நிற்கவில்லை. கடன் என்றால் திரும்பவும் அதே திண்ணை. பழைய இன்ஜினுக்கே போர் போட்டு, ரிங் மாற்றி, வால்வு உட்காரவைத்து 22,000-த்தில் முடித்தேன். பணக்கணக்கில் கொழுந்தனார் சொன்னதுதான் சரி. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதற்குள் அந்த 85,000 திரும்பியிருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அவர் அதை நினைவூட்டத் தவறுவதில்லை.

ஆர்.சி.யை வாங்கி டைப்பிங் கடை அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். இன்ஜின் எண், சேஸ் எண் இரண்டும் பழையபடி. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். அதன் கீழே ‘மனைவி’ என்று போட்டு அவர் பெயர். “அதுக்கு ஏதாச்சும் படிவம் இருக்கா அக்கா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளின் காகிதத்தை மெஷினில் செருகினார்.