பாட்டியின் ராணி ரூபாய்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வெள்ளி ரூபாய் ஏதாவது கிடக்கிறதா? இருந்தால், முதல் காரியமாகப் புளியை எடுத்துக்கொண்டு அதைத் துலக்க உட்கார்ந்துவிடாதீர்கள்! காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஏழு ரூபாய் இருந்தது. தனுஷ்கோடித் துறையில், தலைமன்னார் போகும் கப்பலுக்கு மூட்டை ஏற்றி என் தாத்தா சம்பாதித்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊரையே கடல் கொண்டுபோயிற்று. பாட்டி உயிர் தப்பி ராமேசுவரம் வந்து சேர்ந்தபோது அவள் இடுப்பில் மிஞ்சியிருந்தது ஒரு சுருக்குப் பை. அதற்குள்தான் அந்த ராணி ரூபாய்கள்.

சென்ற வருஷ மழையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. "பெட்டியிலே வெள்ளியைப் பூட்டி வைத்துவிட்டு, ஒழுகுகிற இடத்திலெல்லாம் சட்டியை வைப்பானேன்?" என்றாள் என் மனைவி. நியாயந்தானே?

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. நாணயப் பைத்தியம். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எனக்குப் பாடமே நடத்திவிட்டார். 1862 என்று போட்ட ரூபாயை 1874 வரையில் அதே வருஷத்தைப் போட்டே அடித்தார்களாம். அசல் வருஷம் தெரிவதற்காக, பம்பாயில் அடித்தவற்றில் அந்த எண்ணுக்கு அருகே பொடிப் பொடியாகப் புள்ளிகள் வைத்தார்களாம்!

ஒரு ரூபாயில் ராணியின் பெயர் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. எனக்கு ஒரே குதூகலம். வாத்தியார் சிரித்தார்.

"இரட்டையில் இரண்டு ஜாதி ஐயா! தாய் அச்சை இரண்டு தரம் அழுத்தும்போது சற்றே விலகினால், அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் இரட்டை விழும். இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டு நிற்கும், முனை பிளந்திருக்கும். அதற்குத்தான் மவுசு. இதுவோ, அடிக்கிற நேரத்தில் அச்சு ஆடியதால் வந்தது. ஓரம் படிக்கட்டுப் போலத் தட்டையாக இருக்கிறது, பாருங்கள். எழுத்தும் மெலிந்துவிட்டது. வெள்ளி விலைதான்."

மதுரையில் ஒரு வியாபாரியிடம் ஏழையும் காட்டினேன். அவர் எடுத்ததும் அந்த இரட்டையைத்தான்!

"அடடா, அபூர்வம்! மற்ற ஆறுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட இதற்கு அதிகம் தருகிறேன்" என்றார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் கூரை முழுவதையும் மாற்றிவிடலாம். வாசகர்களே, பொய் சொல்வானேன்? ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தேன். அப்புறம் சுருக்குப் பை கண்ணில் பட்டது. அத்தனை பெரிய அலைக்குத் தப்பி வந்த ரூபாய், என் கையிலா கள்ளக் காசாக வேண்டும்? வாத்தியார் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "வாஸ்தவம்" என்றார். நாலு ரூபாயை வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டார். இரட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சமையலறைக் கூரை மட்டும் சரியாயிற்று. கூடத்தில் இன்னும் சட்டிதான்.

புளி விஷயமா? தேய்க்கத் தேய்க்க அந்தப் பொடிப் புள்ளியும் எழுத்தின் ஓரமும் மழுங்கிவிடும். பிறகு எந்த இரட்டை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அழுக்கோடேயே இருக்கட்டும் ஐயா! உள்ளதை உள்ளபடி சொல்ல அந்த அழுக்குத்தான் சாட்சி.