கௌரிபிதனூரில் இறங்கும் ஸ்வரம்

பெங்களூரு ஆஸ்டின் டவுன், நந்தன் மைதானம், சாயங்காலம். உயரமாக வந்த பந்தை ஒரு பையன் நின்றபடி நெஞ்சில் வாங்கினான். காலடியில் செத்து விழுந்தது. அடுத்ததை ஓடிவந்து நெற்றியால் முட்டினான். வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனது.

எலக்ட்ரானுக்கும் இதேதான் நடக்கிறது.

*

சூரியன் கக்கிய பிளாஸ்மா மேகம் விரையும்போது அதன் முன்னால் அதிர்ச்சி அலை ஓடும். அது நகரும் காந்தச் சுவர். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி வரும் எலக்ட்ரான், புலம் நெருக்கமாகும் இடத்தில் மேலே போக முடியாமல் திரும்பும். சுவர் எதிர்த்து வருவதால் திரும்பும்போது ஆற்றல் கூடியிருக்கும். அலை போகும் திசைக்குக் காந்தப்புலம் ஏறக்குறையக் குறுக்கே கிடந்தால் ஆதாயம் அதிகம்.

*

சிக்கல் ஒன்று. புரோட்டானைவிட எலக்ட்ரான் 1836 மடங்கு லேசு. அதன் சுருள் மிகச் சின்னது. சுவரின் தடிமனோ புரோட்டானின் சுருள் அளவுக்கு. ஆகவே பெரும்பாலான எலக்ட்ரான்கள் மேடேறுவதுபோல் சுவரைக் கடந்து போய்விடுகின்றன. மறுபடி மறுபடி மோத, முதலில் கொஞ்சம் வேகம் கையில் வேண்டும். அந்த முதல் வேகத்தை யார் தருகிறார்கள்? அலையருகே எழும் சின்னச் சின்னக் கொந்தளிப்புகள் என்கிறார்கள். விவாதம் ஓயவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே அழகான கேள்வி இதுதான்.

*

மைதானத்திலிருந்து விவேக் நகர் தாண்டினால் கோரமங்களா. அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். வடக்கே கௌரிபிதனூரில் அவர்களுடைய ரேடியோ நிலையம். சூரியனைப் படமெடுக்கும் ரேடியோ வரிசை 1997 முதல் அங்கே இருக்கிறது. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் பிளாஸ்மாவைக் குலுக்க, அது ரேடியோ அலையாக வெளிவரும். அதிர்ச்சி அலை மேலேற மேலேறச் சுற்றியுள்ள பிளாஸ்மா அடர்த்தி குறையும். அதிர்வெண்ணும் சில நிமிடங்களில் மெல்ல இறங்கும். இரண்டாம் வகை வெடிப்பு என்று பெயர். பதிவில் பெரும்பாலும் இரண்டு கோடுகள், ஒன்று மற்றதன் ஏறக்குறைய இரட்டிப்பு: கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் சேர்ந்து இறங்குவதுபோல.

*

2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. அங்கே அதிர்ச்சி அலையே கருவிகளின் மேல் வந்து மோதும்.

*

எலக்ட்ரான்கள் எழுப்பிய ரேடியோ அலை கௌரிபிதனூருக்கு வர 8 நிமிடம். அதிர்ச்சி அலை பூமிக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள்.